டியூஷனா, வீட்டு வாத்தியாரா, ஆப்பா? பிரீ-போர்டுக்குப் பிறகு இருக்கும் ஏழு வாரம்

டிசம்பர் கடைசியில் என் பெண் பிரீ-போர்டு (பொதுத்தேர்வுக்கு முன் பள்ளியே நடத்தும் ஒத்திகைத் தேர்வு) கணக்கு விடைத்தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். 80-க்கு 46. அரையாண்டில் 61 வாங்கியவள். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புத் தேர்வு பிப்ரவரி நடுவில் தொடங்கிவிடும். நடுவில் ஏழு வாரம்தான். நாங்கள் இருப்பது டெல்லி மயூர் விஹார் ஃபேஸ் ஒன்றில். அன்று மாலைக்குள் ஆளுக்கொரு யோசனை வந்து சேர்ந்தது. எதிர்வீட்டு மாமி டியூஷன் சென்டர் என்றார். என் தம்பி சென்னையிலிருந்து போன் பண்ணி ஒரு ஆப்பின் பேரைச் சொன்னான். என் கணவர், "நானே சொல்லித்தரேன்" என்றார். இந்த மூன்றோடு வீட்டுக்கு வரும் வாத்தியாரையும் சேர்த்து நாலு வழியையும் பார்த்துவிட்டேன். இதே நிலையில் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

டியூஷன் சென்டரிலிருந்து தொடங்குகிறேன். கிழக்கு டெல்லிக்காரர்களுக்கு டியூஷன் என்றாலே லக்ஷ்மி நகர்தான். எங்கள் ஸ்டேஷனிலிருந்து மெட்ரோ ஏறி, யமுனா பேங்கில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். போக வர ஒன்றரை மணி நேரம், வகுப்பு இரண்டு மணி நேரம். ஜனவரி பனியில் ஏழரை மணிக்கு வீடு திரும்பும் குழந்தை சாப்பிட்டதும் ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வைக்குள் போய்விடும். அதற்கு மேல் எதைப் படிக்கும்? தூரத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருந்தது. சோதனை வகுப்பில் நாற்பது பிள்ளைகள். 'கிராஷ் கோர்ஸ்' என்று முதல் பாடமான மெய்யெண்களிலிருந்து ஆரம்பித்தார்கள். என் பெண்ணுக்கு அது தெரியும். அவளுக்குத் தெரியாத பாடம் வர பிப்ரவரி முதல் வாரம் ஆகிவிடும். டியூஷன் சென்டரை நான் குறை சொல்லவில்லை. ஏப்ரலில் சேர்ந்திருந்தால் ஒழுங்கு வந்திருக்கும், தினமும் ஒரு மணி நேரம் கையில் பேனா இருந்திருக்கும். ஜனவரியில் சேருவதில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆப்பும் யூடியூபும் பணம் மிச்சம். அரசின் தீக்ஷா தளத்தில் என்சிஇஆர்டி பாடங்களுக்கு இலவசமாகவே வீடியோ இருக்கிறது. ஒரு பாடம் விளங்காதபோது, அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் பார்த்தால் நல்ல பலன். ஆனால் வீடியோவில் வாத்தியார் கணக்கைப் போட்டு முடித்ததும் தனக்கே தெரிந்துவிட்டது போலப் பிள்ளைக்குத் தோன்றும். நோட்டில் ஒரு வரிகூட எழுதியிருக்காது. அதோடு, காற்று மோசமானால் வகுப்புகள் ஆன்லைனுக்குப் போகும் ஊர் இது. 2024 நவம்பரில் பத்து, பன்னிரண்டாம் வகுப்புகள்கூட அப்படித்தான் போயின. திரையைப் பார்த்துப் பார்த்து அலுத்த கண்ணுக்கு மறுபடியும் திரையைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

சரி, அப்பா சொல்லித்தருவது? முதல் இரண்டு நாள் நன்றாகப் போயிற்று. மூன்றாம் நாள் குரல் உயர்ந்தது. அவர் படித்த முறையில் அவர் கணக்குப் போடுகிறார், இவள் பள்ளியில் வேறு முறையில் போடுகிறாள். "எங்க மேம் இப்படிச் சொல்லலப்பா" என்பாள். அங்கேயே அரை மணி நேரம் போய்விடும். ஆபீஸிலிருந்து களைத்து வருபவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பதும் சரியில்லை.

அந்த மூன்றாம் நாள் இரவு, அவள் தூங்கிய பிறகு நான் விடைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் கணக்கில் கெட்டிக்காரி இல்லை. ஆனால் சிவப்பு மையைப் பின்தொடரக் கணக்கு தெரிய வேண்டியதில்லை. போன 34 மதிப்பெண் எங்கெங்கே போனது என்று ஒரு பழைய டைரியில் எழுதிப் பார்த்தேன். இருபடிச் சமன்பாட்டில் −(x−3) என்பதைப் பிரிக்கும்போது −x−3 என்று எழுதியிருந்தாள். அதே தப்பு நாலு இடத்தில். இப்படிக் குறி மாறியும் கூட்டல் தவறியும் போனது 13. கடைசி இரண்டு பக்கம் காலி, நேரமில்லாமல் விட்டது 9. உண்மையிலேயே தெரியாமல் விட்டது 12 மட்டும்தான். அதுவும் முழுக்க முக்கோணங்களும் வட்டங்களும்.

அந்தக் கணக்கு கையில் வந்ததும் ஒப்பிடுவது சுலபமாகிவிட்டது. 13 போனதற்கு டியூஷன் தேவையில்லை, பக்கத்தில் யாராவது உட்கார்ந்து கவனித்தால் போதும். 9 போனதற்குக் கடிகாரம் வேண்டும். அந்த 12-க்குத்தான் ஆள் வேண்டும். ஒரு ஆசிரியரைத் தேடும் முன்னால் ஒவ்வொரு பெற்றோரும் இதைச் செய்துவிட வேண்டும் என்பேன். விடைத்தாளைத் திருப்பித் தராத பள்ளி என்றால், பெற்றோர் கூட்டத்தில் கேட்டு அங்கேயே பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

எந்தப் பாடத்துக்கு எத்தனை மதிப்பெண் என்ற பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் 80-க்கு இயற்கணிதம் 20, வடிவியல் (முக்கோணங்களும் வட்டங்களும் இதில்தான்) 15, முக்கோணவியல் 12, புள்ளியியலும் நிகழ்தகவும் 11, அளவியல் 10, எண்கள் 6, ஆயத்தொலை வடிவியல் 6. நூற்றில் மீதி 20 பள்ளியே போடும் அகமதிப்பீடு. புள்ளியியலின் 11 ஒரு வாரத்தில் கைக்கு வரக்கூடியது. வடிவியலின் 15-க்கு ஆள் துணை இல்லாமல் முடியாது. ஏழு வாரத்தில் எல்லாவற்றையும் சமமாகப் படிக்க வைப்பது வீண்.

அந்த ஆள் வீட்டுக்கு வரும் வாத்தியாரா? செலவு அதிகம்தான், எங்கள் பக்கத்தில் மணிக்கு 600 ரூபாய் கேட்டார்கள். ஆனால் வாரம் இரண்டு நாள், வடிவியல் மட்டும், ஐந்து வாரம் என்று பேசி முடித்தால் பத்து மணி நேரம்தான். சென்டரின் கிராஷ் கோர்ஸ் கட்டணத்தைவிட அது குறைவாகத்தான் வந்தது. வருபவரிடம் முதல் நாளே விடைத்தாளைக் காட்டிவிட வேண்டும். எங்களுக்கு முதலில் வந்தவர் தாளைப் பார்க்கவே இல்லை, "முதலிலிருந்து போகலாம்" என்றார். அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அடுத்து வந்த பெண் தாளை இரண்டு முறை புரட்டிவிட்டு, "இவளுக்குத் தேற்றம் தெரிகிறது, எந்த முக்கோணத்தில் அதைப் போடுவது என்றுதான் தெரியவில்லை" என்றார். அவர்தான் இன்று வரை வருகிறார்.

பலர் மறந்துவிடும் ஒரு வழி பள்ளிக்கூடமே. பிரீ-போர்டுக்குப் பிறகு பெரும்பாலான பள்ளிகள் சந்தேகம் தீர்க்கும் வகுப்பு நடத்துகின்றன. டெல்லி அரசுப் பள்ளிகளில் ஜனவரி குளிர்கால விடுமுறையிலேயே 9-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை சிறப்பு வகுப்பு வைக்கிறார்கள். குளிருக்குப் பயந்து பிள்ளைகள் போவதில்லை. வந்திருக்கும் ஐந்தாறு பேருக்கு ஆசிரியரின் முழுக் கவனமும் கிடைக்கிறது. பணம் இல்லாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், வீட்டு வாத்தியாரைக்கூட இதற்குப் பிறகுதான்.

இந்தி வேறு கதை. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் தமிழை எடுத்துக்கொள்ளலாம். மற்றப் பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இந்திதான், வீட்டில் அதைத் திருத்த ஆள் கிடையாது. நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். மேல்மாடி பஞ்சாபி ஆன்ட்டியிடம் கேட்டேன். வாரம் மூன்று நாள் இவள் எழுதிய கட்டுரையை அவர் வாசித்து ஆண்பால் பெண்பால் தப்பைக் கோடிட்டுத் தருகிறார். அவர் பையனுக்கு என் கணவர் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அடுத்த வீட்டுப் பையனிடம் அவர் குரல் உயர்வதே இல்லை!

இப்படியே சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்கு 2026-லிருந்து வந்திருக்கும் இரண்டாவது பொதுத்தேர்வையும் பேசிவிடலாம். பிப்ரவரித் தேர்வு எல்லோருக்கும் கட்டாயம். மே மாதம் மூன்று பாடம் வரை எழுதி மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளலாம். பிப்ரவரியில் மூன்று பாடமோ அதற்கு மேலோ எழுதாமல் விட்டால் மே தேர்வுக்கு இடமில்லை. "மே மாசம் பாத்துக்கலாம்" என்று பிள்ளை சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

சின்ன வகுப்புக்காரர்களுக்கும் ஒரு வரி: 2024 டிசம்பரில் மத்திய அரசு விதியை மாற்றிய பிறகு, கேந்திரிய வித்யாலயா போன்ற பள்ளிகளில் ஐந்தாம், எட்டாம் வகுப்புத் தேர்வில் தேறாதவர்கள் இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு எழுத வேண்டும், அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்புதான்.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு இதுதான். செவ்வாய், வெள்ளி மாலையில் வடிவியல். மற்ற நாட்களில் இரவு உணவுக்கு முன் முக்கால் மணி நேரம் நான் பக்கத்தில் உட்காருகிறேன். அவள் அடைப்புக்குறியைப் பிரிக்கும்போதெல்லாம் பென்சிலால் ஒரு தட்டு, அவ்வளவுதான் என் வேலை. போன் என் கணவரின் சட்டைப் பையில். ஞாயிற்றுக்கிழமை 10.15-க்கு சிபிஎஸ்இ மாதிரி வினாத்தாள் மேஜைக்கு வரும், கால் மணி நேரம் வாசிக்க மட்டும். 10.30-க்குப் பேனா. தேர்வு நடக்கும் அதே நேரம். 1.30-க்குத் தாளை வாங்கிவிடுகிறேன், ஒரு வரி மீதி இருந்தாலும். முதல் ஞாயிறு இரண்டு பக்கம் காலியாக இருந்தது. போன ஞாயிறு அரைப் பக்கம்.