ஃபர்னஸ் பார்க்க வந்தவர் செய்துவிட்டுப் போன வேலை

ஸ்காபரோவில் வீடு வைத்திருக்கும் உறவுகள் இதைத் தயவுசெய்து முழுக்க வாசியுங்கள்.

ஜனவரி நடுவில், வெளியே மைனஸ் 19. வீட்டைச் சூடாக்கும் எங்கள் காஸ் ஃபர்னஸ் நாலைந்து நிமிடம் எரியும், நெருப்பு நின்றுவிடும், காற்று மட்டும் வந்துகொண்டிருக்கும், திரும்பப் பற்றும், திரும்ப நிற்கும். பேஸ்மென்ற்றில் தூசி கருகுகிற மணம். வீட்டில் வயதான அம்மாவும் கைக்குழந்தையும்.

விளம்பரத்தில் பார்த்த நம்பருக்கு அடித்தேன். வந்தவர் தமிழர்தான், "அண்ணை, பயப்படாதேங்கோ" என்று அன்பாகத்தான் தொடங்கினார். பத்து நிமிடம் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு போனில் ஒரு படத்தைக் காட்டினார். "ஹீற் எக்ஸ்சேஞ்சர் வெடிச்சிட்டுது, கார்பன் மொனொக்சைட் வரும், சின்னப் பிள்ளை இருக்கிற வீடு." நெருப்பின் புகை வீட்டுக் காற்றோடு கலக்காமல் பிரித்து, சூட்டை மட்டும் கடத்துகிற உலோகப் பகுதிதான் ஹீற் எக்ஸ்சேஞ்சர், அதில் விரிசல் விழுந்துவிட்டது, நச்சு வாயு வீட்டுக்குள் வரும் என்கிறார். புது ஃபர்னஸ், மாதம் 139 டொலர் வாடகை, பத்து வருடம். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், கையெழுத்து வைத்துவிட்டேன். வந்து பார்த்த கூலி 189 டொலர். புதுசு வரும்வரை சூடு வர வழி செய்கிறேன் என்று ஏதோ வயரை மாற்றிவிட்டுப் போனார். அன்றிரவு வீடு நல்ல சூடு, நிம்மதியாகத் தூங்கினோம்.

அடுத்த நாள் நண்பர் சொல்லி ஜி2 லைசென்ஸ் (காஸ் ரெக்னீசியனுக்கான அனுமதி) உள்ள இன்னொருவரைக் கூப்பிட்டேன். மூடியைக் கழற்றிப் பார்த்தவர் பேசாமல் முதலில் காஸை மூடினார். லிமிட் சுவிட்சின் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தது. உள்ளே அளவுக்கு மீறிச் சூடேறினால் நெருப்பை நிறுத்துகிற சுவிட்ச் அது. அந்தக் காவல் இல்லாமல் இரவு முழுக்க எரிந்திருக்கிறது, மேலே நாங்கள் எல்லோரும் படுத்திருந்தோம். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

உண்மையான காரணம் காற்றோட்டம். அலர்ஜிக்கு நல்லது என்று ஒக்ரோபரில் நான் போட்ட ஒரு அங்குல மெர்வ் 13 பில்ரர் (மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் அடர்த்தியான வகை) கம்பளி மாதிரி அடைத்துக் கிடந்தது, பேஸ்மென்ற்றில் ஆள் இல்லையென்று வென்ற்களையும் (சூட்டுக் காற்று வரும் துவாரங்கள்) மூடியிருந்தேன், ஃபர்னஸுக்கு மேலே இருக்கும் ஏசி கொயிலின் அடியிலும் தூசி. சூட்டை எடுத்துப்போகக் காற்று போதவில்லை, அதனால் லிமிட் சுவிட்ச் தன் வேலையைச் செய்து நிறுத்தியிருக்கிறது, அவ்வளவுதான். போர்டில் லைற் விட்டுவிட்டு மின்னியதும் அதையே சொன்னது, மூடியின் உள்பக்கத்து அட்டவணையில் அர்த்தம் எழுதியே இருக்கிறது. துப்புரவாக்கி, சுவிட்சைத் திரும்ப இணைத்து 260 டொலர் எடுத்தார். வெடிப்பு எதுவும் இல்லை. எங்களுடையது குழாய் வடிவ எக்ஸ்சேஞ்சர், போனில் காட்டியது தகடு வடிவம், வேறு யாருடைய ஃபர்னஸோ!

உண்மையிலேயே விரிசல் விழுந்திருந்தால் ஒன்ராறியோவில் ரெக்னீசியன் காஸை மூடி, ரெட் ராக் (ஆபத்து என்று எழுதிய சிவப்பு அட்டை) எழுதிக் கட்டவேண்டும். இவர் காஸைத் திறந்தபடியே விட்டுப் போனார், ஒரு துண்டுக் கடதாசியும் தரவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் சிஓ அலாரம் (கார்பன் மொனொக்சைட் அலாரம்) அடித்தால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், எல்லோரும் வெளியே வந்து 911 அடியுங்கள்.

வீட்டில் வைத்துப் போட்ட ஒப்பந்தத்தை 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். மூன்றாம் நாளே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன், வாடகை நின்றது. முறுக்கிய வயரின் படத்தோடு ரிஎஸ்எஸ்ஏவுக்கு (ஒன்ராறியோவில் காஸ் பாதுகாப்பைக் கவனிக்கும் அமைப்பு) முறைப்பாடும் கொடுத்திருக்கிறேன். 189 டொலர் திரும்பி வரவில்லை.