விமானத்தில் நித்திரைக்கு 38,500 ரூபாய்: கனடா, லண்டன் போகிறவர்கள் காசு கட்டுமுன் பாருங்கள்

மட்டக்களப்பு நகரில் டிக்கட் போடுகிற ஓர் ஏஜென்சி, "ஸ்லீப் பெக்கேஜ்" என்று ஒன்றை டிக்கட்டோடு சேர்த்து விற்கிறது. ஆளுக்கு 38,500 ரூபாய். கல்லாற்றிலிருந்து டுபாய் வழியாக ரொறன்ரோவுக்கு மகளைப் பார்க்கப் போன ஒரு வயதான தம்பதிக்கு இரண்டு பொதி விற்றிருக்கிறார்கள். காசு கட்டியது மருமகன். அவர் வைத்திருந்த பற்றுச்சீட்டு, பயணத்தாள், மிஞ்சிய குளிசைகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறோம். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. விற்கிற சாமானைப் பற்றித் தெரிந்திருந்தால் எந்தக் கடையில் விற்றாலும் பிடிபட்டுவிடும்.

பொதிக்குள் இருந்தவை: கால் நீட்டுகிற ஆசனம், கழுத்துத் தலையணை, இறுக்கக் காலுறை, நித்திரைக் குளிசை. காசின் பெரும்பகுதி ஆசனத்துக்கு என்று சொல்லப்பட்டதால் அதிலிருந்தே தொடங்குவோம்.

பயணத்தாளில் "24 ஏ, 24 பி" என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. அதற்கு நேரே, கண்ணாடி போட்டால்தான் தெரிகிற அளவில், "ரிக்வெஸ்டட்" என்று ஒரு சொல். கேட்டிருக்கிறோம் என்று அர்த்தமே தவிர கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. உண்மையிலேயே காசு கட்டி ஆசனம் வாங்கியிருந்தால் அதற்கென்று தனியாக ஈஎம்டி என்ற பத்திரம் வந்திருக்கும். டிக்கட் இலக்கத்தைப் போல அதுவும் 13 இலக்கம். முதல் மூன்று இலக்கமும் விமான நிறுவனத்தின் குறியீடு: ஸ்ரீலங்கனுக்கு 603, எமிரேட்ஸுக்கு 176, கட்டார் எயார்வேஸுக்கு 157. இந்தத் தாளில் அப்படி ஒன்றும் இல்லை. கட்டுநாயக்காவில் செக்-இன் கவுண்டரில் பார்த்தபோது அவர்களுடைய பெயரில் எந்த ஆசனமும் பதிவாகியிருக்கவில்லை. மிச்சமிருந்த இடம் கடைசி வரிசையில் ஒன்றும் அதற்கு இரண்டு வரிசை முன்னால் ஒன்றும். இரண்டுமே நடுஆசனம்.

இன்னொரு கூத்து இருக்கிறது. அந்த 24ஆம் வரிசை அவசர வாசல் வரிசை. அதே டிக்கட்டில் அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் என்று வீல்செயாரும் கேட்டிருக்கிறார்கள். அவசர வாசலுக்குப் பக்கத்தில் இருப்பவர் தேவைப்பட்டால் கதவைத் திறக்கவும் மற்றவர்களை இறக்கவும் உடல்பலம் உள்ளவராக இருக்க வேண்டும். வீல்செயார் கேட்டவர், கர்ப்பிணி, சிறுபிள்ளை, பிள்ளையோடு வருபவர் யாரையும் அங்கே இருத்தமாட்டார்கள். ஆசனத்தை உண்மையாகவே வாங்கியிருந்தாலும் எழுப்பி வேறு இடத்துக்கு மாற்றியிருப்பார்கள். டிக்கட் தொழில் செய்கிறவருக்கு இது தெரியாது என்றால் நம்பமுடியாது.

நித்திரைக்கு அவசர வாசல் வரிசை அப்படியொன்றும் நல்ல இடமும் இல்லை. சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடிந்திருப்பதால் கைப்பிடியைத் தூக்க முடியாது. கதவோரம் குளிர். கால் உளைகிறவர்கள் எல்லாரும் வந்து நிற்பதும் அங்கேதான். முன்சுவர் வரிசையில் குழந்தைத் தொட்டில் மாட்டுவார்கள், அழுகைச் சத்தம் நிச்சயம். அவசர வாசலுக்கு நேர் முன்வரிசையும் கடைசி வரிசையும் பல விமானங்களில் பின்னுக்குச் சாயாது. கடைசி வரிசையில் கழிப்பறைக் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் வெளிச்சம் முகத்தில் அடிக்கும். நித்திரைக்கு நல்லது இறக்கைக்குச் சற்று முன்னால், கழிப்பறையிலிருந்து ஐந்தாறு வரிசை தள்ளி, யன்னலோரம். சாய ஒரு சுவர் இருக்கும், யாரும் எழுப்பவும் மாட்டார்கள். இருவர் போனால் 2-4-2 அமைப்புள்ள ஏ330 போன்ற விமானத்தில் ஓரத்து இரண்டு ஆசனமும் பொன். போயிங் 777இல் இப்போது பெரும்பாலும் 3-4-3. அதில் யன்னலோரம் ஒருவரும் நடைபாதையோரம் ஒருவருமாக எடுத்தால் நடுவிடம் காலியாகக் கிடைக்கவும் கூடும்.

காசு கட்டின அன்றிரவே செய்யவேண்டியது ஒன்றுதான். டிக்கட்டில் இருக்கிற ஆறெழுத்துப் பதிவுக் குறியீட்டையும் (பிஎன்ஆர்) குடும்பப் பெயரையும் விமான நிறுவனத்தின் இணையத்தளத்தில் அடித்துப் பாருங்கள். ஆசன இலக்கம் அங்கே காட்டினால்தான் ஆசனம் உங்களுடையது. அங்கே இல்லாமல் ஏஜென்சித் தாளில் மட்டும் இருந்தால் காசைத் திருப்பிக் கேளுங்கள். வாங்க வசதியில்லாதவர்களுக்கும் வழி உண்டு: பெரும்பாலான நிறுவனங்கள் புறப்பட 24 முதல் 48 மணித்தியாலத்துக்கு முன் இணையச் செக்-இன் திறக்கும். திறந்த நிமிடத்திலேயே போனால் மிச்சமுள்ள சாதாரண ஆசனங்களில் பலவேளை இலவசமாகவே தெரிவு செய்யலாம்.

குளிசை விசயம் ஆசனத்தைவிட மோசம். சின்னப் பொலித்தீன் உறையில் பத்து வெள்ளைக் குளிசை, நடுவில் கோடு. உறையில் போல்பொயின்ட் பேனையால் "இரவு 1" என்று மட்டும் எழுதியிருக்கிறது. மருந்தின் பெயர் இல்லை, அளவு இல்லை, காலாவதித் திகதி இல்லை. நடுவில் கோடுள்ள வெள்ளைக் குளிசை எத்தனையோ மருந்தாக இருக்கலாம். கொடுத்தவர் சொன்னது இது: "தம்பி, பிளேன் ஏறின கையோட அம்மாவையும் அப்பாவையும் ஒவ்வொண்டு போடச் சொல்லுங்க, கனடாவிலதான் கண் முழிப்பாங்க."

கொழும்பிலிருந்து டுபாய் நாலரை, ஐந்து மணித்தியாலம். நித்திரைக் குளிசை ஒன்றின் மயக்கம் ஆறு முதல் எட்டு மணித்தியாலம் இருக்கலாம், வயதானவர்களுக்கு இன்னும் கூட. டுபாயில் இறங்கும் நேரத்தில் இருவரும் அரை மயக்கம். அம்மாவை வீல்செயார் காப்பாற்றியது. அப்பா நகரும் படியில் கால் தவறி, கைப்பிடியைப் பிடித்ததால் தப்பினார். மயக்கமெல்லாம் தெளிந்த பிறகுதான் நீண்ட பயணமே தொடங்கியது, டுபாயிலிருந்து ரொறன்ரோ ஏறக்குறைய 14 மணித்தியாலம். அதை முழித்தபடியே போய் முடித்தார்கள்.

ஐக்கிய அரபு இராச்சியத்தில் டயஸபாம், அல்பிரஸோலம், ட்ரமடோல் போன்றவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். டொக்டரின் சீட்டும் முன்கூட்டிய அனுமதியும் இல்லாமல் கொண்டு போகக் கூடாது. பெயரில்லாத பொலித்தீன் உறையோடு அகப்பட்டால் "ஏஜென்சி தந்தது" என்ற கதை எடுபடாது. இலங்கையிலும் இந்த வகை மருந்தை டொக்டரின் சீட்டில்லாமல் விற்க முடியாது, அதுவும் பாமசியில்தான். டிக்கட் கடைக்கு அதில் என்ன வேலை?

சரி, பிரிட்டோன் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தடிமனுக்குப் போடும் அந்தப் பழைய வகைக் குளிசைகளும் நித்திரையைத் தரும்தான். ஆனால் வாயும் மூக்கும் வரண்டுபோகும். விமானத்துக்குள் ஈரப்பதன் வழக்கமாக 20 வீதத்துக்கும் குறைவு, ஏற்கெனவே வரட்சி. புரஸ்டேட் வீங்கிய ஆண்களுக்குச் சலம் அடைக்கும். வயதானவர்களுக்குத் தலை குழம்பும். இன்னொன்று, குளிசையின் நித்திரையில் உடம்பு அசையாது. நாலு மணித்தியாலத்துக்கு மேல் கால் அசையாமல் தொங்கினால் கெண்டைக்கால் நாளத்தில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. உள்ளே காற்றழுத்தமும் 8,000 அடி மலையில் இருப்பது போன்றது. குறட்டை விட்டு மூச்சு நிற்கும் வருத்தம் உள்ளவர், மதுவும் குளிசையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று தன் டொக்டரிடம் கேட்டுவிட்டுப் போகட்டும்.

காலுறை. உறையில் "மெடிக்கல்" என்று இருந்தது, அழுத்த அளவு எங்கேயும் இல்லை. விளையாட்டுக் காலுறைதான், மேல்விளிம்பு றபர் மட்டும் இறுக்கம். மேலே இறுக்கிக் கீழே தளர்ந்தால் வீக்கம் குறையாது, கூடும். உண்மையான பயணக் காலுறை முழங்காலுக்குக் கீழ் நிற்கும். கணுக்காலில் 15 முதல் 30 மில்லிமீற்றர் இரச அழுத்தம் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும், மேலே போகப் போக அழுத்தம் குறையும். கணுக்கால், கெண்டைக்கால் சுற்றளவை நாடாவால் அளந்து வாங்க வேண்டும், காலையில், கால் வீங்குமுன். நீரிழிவில் கால் விறைத்தவர்களும் கால் இரத்தோட்டம் குறைந்தவர்களும் டொக்டரைக் கேட்காமல் போடவே கூடாது.

தலையணை காற்றடிக்கிற வகை. கட்டுநாயக்காவில் நிறையக் காற்றடித்துக் கொடுத்தார்களாம். அடைத்த காற்று அந்த உயரத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு விரியப் பார்க்கும். இவர்களுடைய தலையணையின் தையல் பிரிந்ததற்குக் காரணம் அதுதான். விமானம் மேலே போய்ச் சமநிலைக்கு வந்த பிறகு, முக்கால்வாசி மட்டும் அடிக்க வேண்டும். பின்பக்கம் தடித்த தலையணை தலையை முன்னுக்குத் தள்ளும், நாடி நெஞ்சில் விழுந்து கண் முழிக்கும். அதைத் திருப்பி, தடித்த பக்கம் நாடிக்குக் கீழ் வருமாறு போட்டால் சரியாகும். ஒரு சால்வையைச் சுருட்டி யன்னல் பக்கக் கழுத்துக்கு வைத்தாலும் இதே வேலை நடக்கும், செலவில்லாமல்.

ஏஜென்சி சொல்லித் தந்திருக்க வேண்டியது நேரக் கணக்கை, அதைத்தான் சொல்லவில்லை. இவர்களுடைய விமானம் அதிகாலை 3 மணிக்கு. வேன் மட்டக்களப்பிலிருந்து மாலை மூன்றுக்கு. ஆறேழு மணித்தியாலம், இருட்டினால் யானை வரும் பக்கங்களில் மெதுவாக. அந்த இரவு அங்கேயே போய்விட்டது. காலையிலேயே வெளிக்கிட்டு நீர்கொழும்பில் ஒரு சாதாரண அறையில் பின்னேரம் தொடக்கம் இரவு பத்துவரை படுத்திருந்தால் செலவு அந்தப் பொதியைவிடக் குறைவு.

பிறகு, இறங்கும் ஊர் நேரத்தைப் பார்த்துப் பின்னோக்கி எண்ணவேண்டும். இவர்கள் டுபாயில் பிற்பகல் 2.30க்கு ஏறி ரொறன்ரோவில் இரவு 8.30க்கு இறங்குகிறார்கள். ஆகவே ஏறிச் சாப்பிட்ட கையோடு ஐந்தாறு மணித்தியாலம் படுத்து, கடைசி ஐந்து மணித்தியாலம் முழித்திருந்தால் மகள் வீட்டில் பத்தரைக்கு நித்திரை வரும். காலையில் இறங்கும் விமானமென்றால் தலைகீழ்: முதலில் முழித்திருந்து கடைசிப் பாதியில் படுங்கள்.

விசேட சாப்பாடு, ஹிந்து மீலோ சைவமோ, 24 மணித்தியாலத்துக்கு முன் சொல்லி வைத்தால் வழக்கமாக மற்றவர்களுக்கு முன் வரும். அரைமணி, ஒருமணி முந்தியே கண்ணை மூடலாம். சீற் பெல்ட்டைப் போர்வைக்கு மேலே தெரிய மாட்டுங்கள், இல்லாவிட்டால் குலுங்கும் ஒவ்வொரு முறையும் பணிப்பெண் வந்து எழுப்புவார். ஸ்பொஞ்ச் காதடைப்பானை விரலால் மெல்லியதாக உருட்டி, மற்றக் கையால் காதை மேலே இழுத்து, உள்ளே வைத்து, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். சும்மா செருகினால் விழுந்துவிடும். நித்திரை வராவிட்டாலும் மணிக்கொரு முறை குதியை ஊன்றி நுனிக்காலைத் தூக்கி இருபது தரம் அசையுங்கள்.

மருமகன் போய்க் கேட்டதற்கு, ஆசனம் "ரிக்வெஸ்ட் போட்டதுதானே தம்பி" என்றார்களாம், தலையணையும் காலுறையும் பாவித்தாயிற்று என்றார்களாம். பற்றுச்சீட்டில் மொத்தமாக "பெக்கேஜ்" என்று மட்டும் எழுதியிருப்பதால் ஆசனத்துக்கு எவ்வளவு என்று காட்ட முடியவில்லை. ஆகவே பொருள் பொருளாக விலை எழுதி வாங்குங்கள், ஆசனத்துக்கு நேரே ஈஎம்டி இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள். எழுதமாட்டோம் என்றால் டிக்கட்டையும் வேறு இடத்தில் போடுங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். எழுத்து முறைப்பாட்டோடு பற்றுச்சீட்டும் பயணத்தாளும் போர்டிங் பாஸின் அடிக்கட்டையும் பிரதியெடுத்து இணையுங்கள். அந்த அடிக்கட்டையில்தான் கடைசியில் உண்மையில் இருந்த ஆசனம் அச்சாகியிருக்கிறது, குப்பையில் போட்டுவிடாதீர்கள்.