ராணுவம் கொடுத்த கிட்: பல வருஷம் போட்டு உழைத்தவனின் அனுபவம்

காலாட்படையில் ஹவில்தாராக ஓய்வு பெற்று பாலக்கோட்டுக்குத் திரும்பிவிட்டேன். சர்வீஸில் பெரும்பகுதி காஷ்மீரிலும் லடாக் பக்கத்து உயரமான போஸ்ட்களிலும் போனது. அங்கே உடம்பில் போட்டுக்கொண்ட, தோளில் சுமந்த சாமான்களைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் படையில் சேரத் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் துப்பாக்கி. நம் நாட்டிலேயே செய்த இன்சாஸ் ரைபிளைத்தான் நான் அதிக காலம் கையில் வைத்திருந்தேன். 5.56 மி.மீ. தோட்டா, தோளில் உதை குறைவு. முந்நூறு மீட்டரில் நம்பி அடிக்கலாம். பயிற்சி மையத்தில் சுட்டுப் பழகும் ரேஞ்சில் அதைப் போலச் சொன்னபடி கேட்கும் துப்பாக்கி இல்லை என்றே நினைத்தேன். குளிரில்தான் அதன் வேறு முகம் தெரிந்தது. தோட்டா அடுக்கும் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விடும், சுடச் சுட இடையில் சிக்கும். 1999ல் கார்கிலிலேயே இந்தப் புகார்கள் எழுந்தன. "இருப்பதை வைத்துக்கொண்டு போரிடுவோம்" என்று அன்றைய ராணுவத் தலைமைத் தளபதி வி.பி. மாலிக் பத்திரிகையாளர்களிடம் சொன்னதும் அந்தக் கோடையில்தான். அந்த வார்த்தையின் வீரத்தை எல்லோரும் மெச்சினார்கள். கீழே நிற்கும் ஜவானுக்கு அதில் கேட்டது வேறு: கேட்ட சாமான் இன்னும் வரவில்லை என்பது.

குண்டு துளைக்காத ஜாக்கெட்டுக்கு வருகிறேன். பழைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நிற்பது ஒரு மாதிரி, படுத்துச் சுடுவது வேறு மாதிரி. குப்புறப் படுத்தால் பின்கழுத்துப் பட்டை, தலையில் கட்டிய பட்கா என்ற குண்டு தாங்கும் கவசத்தை முன்னே தள்ளும், அது புருவத்துக்கு மேல் இறங்கி வந்து பார்வையை மறைக்கும். தோளில் தடித்த மடிப்பு இருப்பதால் துப்பாக்கியின் கட்டை பழகிய குழியில் உட்காராது. கன்னம் ஒரு விரல்கடை தள்ளிப் போகும், குறியும் அதோடு தள்ளிப் போகும். எங்கள் போஸ்ட்டில் ஆளுக்கொரு ஜாக்கெட் இல்லாத காலமும் உண்டு. சென்ட்ரி, அதாவது காவல் முறை, மாறும்போது முன்னவன் கழற்றிக் கொடுப்பான், உள்துணி அவன் வியர்வையில் நனைந்திருக்கும். அதையே மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். குளிர்காலத்தில் அந்த ஈரம் முதுகிலேயே சில்லிட்டுப் போகும்.

இது ஏதோ ஒரு யூனிட்டின் கவனக்குறைவு அல்ல. 1,86,138 ஜாக்கெட்டுகள் வாங்க 2009லேயே ஒப்புதல் கிடைத்தது. ஒப்பந்தம் கையெழுத்தானது 2018 ஏப்ரலில், 639 கோடி ரூபாய்க்கு. நடுவில் 2016ல் அவசரத்துக்கு 50,000 வாங்கினார்கள். 2009ல் சேர்ந்த ஒரு சிப்பாய் நாயக் ஆகி, கல்யாணம் முடித்து, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் வரை அந்தக் கோப்பு நகர்ந்துகொண்டிருந்தது.

பட்காவைப் பற்றி ஒரு வார்த்தை. நெற்றியையும் பின்மண்டையையும் காக்கும், உச்சி திறந்தே கிடக்கும். கனம் அதிகம், சில மணி நேரத்தில் தலைவலி நிச்சயம். ஆனாலும் ஏகே குண்டைத் தாங்கியதால் அதை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. பிறகு வந்த புதிய ஹெல்மெட் நல்ல பொருள்.

உயரத்துச் சாமான்களில் எனக்கு மிகுந்த வருத்தம் பூட்ஸும் பனிக்கண்ணாடியும். சியாச்சின், லடாக் பகுதிகளைப் பற்றிய தணிக்கைத் துறை அறிக்கை 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை அங்குள்ள படைக்குப் புது பூட்ஸ் கிடைக்கவில்லை, பழையதையே சரிசெய்து போட்டார்கள் என்று அதில் இருக்கிறது. பனிக்கண்ணாடித் தட்டுப்பாடு 62 முதல் 98 சதவீதம். கண்ணாடி இல்லாமல் வெயிலடிக்கும் பனியில் அரை நாள் நடந்தவனை நான் பார்த்திருக்கிறேன். ராத்திரி கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் எரியும், திறக்கவே முடியாது. அவனைக் கைபிடித்துத்தான் கூட்டிப் போக வேண்டும்.

அங்கே குறை சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. உயரத்துக்கு உடம்பைப் பழக்கும் முறை. 9,000 அடிக்கு மேல் ஆறு நாள், 12,000 அடிக்கு மேல் நான்கு நாள், 15,000 அடிக்கு மேல் இன்னொரு நான்கு நாள். எத்தனை அவசரம் இருந்தாலும் இதில் கைவைக்க மாட்டார்கள். உடம்புக்குக் கொடுக்கும் இந்தப் பொறுமையை ஆயுதப் பயிற்சிக்கும் கொடுத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

நான் சொல்ல வந்ததே அதுதான். சாமான் இல்லை என்றால் செய்தி ஆகிறது. பழகுவதற்குப் பணம் இல்லை என்பது யார் கண்ணிலும் படுவதில்லை. ரேஞ்சுக்குப் போக வண்டி, டீசல், டார்கெட், எல்லாவற்றுக்கும் மேலாகத் தோட்டா வேண்டும். இருப்பு குறையும்போது போருக்கென்று வைத்ததைத் தொட முடியாது, பயிற்சிப் பங்கில்தான் கை விழும். 40 நாள் கடும் போருக்கு இருக்க வேண்டிய வெடிமருந்தில் 152 வகைகளைப் பார்த்ததில் 61 வகை பத்து நாளுக்கும் காணாது என்று 2017ல் தணிக்கைத் துறை சொன்னது. பயிற்சிக்கான ரவைகளிலும் தட்டுப்பாடு என்று சேர்த்தே சொன்னது. 2018ல் ராணுவத் துணைத் தளபதி சரத் சந்த் நாடாளுமன்றக் குழுவிடம், படையின் தளவாடத்தில் 68 சதவீதம் பழையது என்றார். அந்த ஆண்டு நவீனமயத்துக்கு ஒதுக்கியது 21,338 கோடி. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட 125 திட்டங்களுக்குக் கட்ட வேண்டியதே 29,033 கோடி.

விளைவு இப்படித்தான் இறங்கும்: மையத்தில் வெறும் யூனிஃபார்மில் சுட்டுப் பழகிய பையன், ஜாக்கெட்டும் பட்காவும் போட்டு முதன்முதலில் சுடுவது போஸ்ட்டுக்கு வந்த பிறகு. எங்கள் சுபேதார் சாப் ஒருவர் இதைப் பொறுக்காமல், புதிதாக வந்தவர்களை ஸ்டோரில் இருந்த ஜாக்கெட்டுகளை மாற்றி மாற்றிப் போடவைத்து, தோட்டா இல்லாமலே குறி பிடிக்கச் சொல்வார். தினமும், சாப்பாட்டுக்கு முன்னால். அது பலரைக் காப்பாற்றியது. ஆனால் வெறும் டிரிகரை இழுப்பதும் சுடுவதும் ஒன்றாகாது.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2019ல் 72,400 சிக் 716 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டார்கள், ஏகே 203 துப்பாக்கி உத்தரப் பிரதேசத்து அமேதியில் தயாராகிறது. நம் ஓசூரும் தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் இருக்கிறது. சந்தோஷம். ஆனால் அக்னிவீரராகப் போகிற பையனுக்குப் பயிற்சியையும் சேர்த்து நாலு வருஷம்தான். புதுத் துப்பாக்கியோடு போதுமான தோட்டாவும் முதல் வருஷமே அவன் கைக்கு வரவேண்டும். பட்ஜெட் அன்று எத்தனை லட்சம் கோடி என்று மட்டும் பார்க்காமல், பயிற்சிக்கு எவ்வளவு என்றும் நம் எம்பிக்கள் கேட்க வேண்டும்.

அப்புறம், கிளம்புகிற தம்பிகளுக்கு. பூட்ஸை உங்கள் அளவுக்குக் கேட்டு வாங்குங்கள், ஸ்டோரில் "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றால் மறுபடியும் கேளுங்கள். வீட்டுக் காசில் வாங்குவதாக இருந்தால் கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி போதும். கறுப்புக் கண்ணாடியை மட்டும் பஸ் ஸ்டாண்ட் கடையில் வாங்கிப் போகாதீர்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்காத, பக்கவாட்டு மறைப்பு இல்லாத கண்ணாடி பனியில் உதவாது.