டயமண்ட் இன்ஃபினிட் எட்ஜ் ப்ரோ: முதல் வில்லாக வாங்கலாமா?

பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்கு வில்லின் இழுவிசை, அதாவது நாணை இழுக்கத் தேவைப்படும் அதிகபட்ச விசை, குறைந்தது 35 பவுண்டு இருக்க வேண்டும். நான் முதலில் போன கடையில் 60 பவுண்டு வில் ஒன்றை, இழுப்பு நீளம் (நாணைப் பின்னால் இழுக்கும் தூரம்) 29 அங்குலம் வைத்துத் தலையில் கட்டிவிட்டார்கள். பத்து அம்பு எய்வதற்குள் நாண் முன்கையில் அடித்து, கருநீலமாகக் கன்றிப்போனது.

அப்புறம்தான் சுவரோடு ஒட்டி நின்று, கைகளை விரித்து, விரல்நுனிக்கு விரல்நுனி என் கைவிரிவை அளக்கும்படி மனைவியிடம் சொன்னேன். 68 அங்குலம். 2.5-ஆல் வகுத்தால் 27 சொச்சம், அதுதான் எனக்கு ஏற்ற இழுப்பு நீளம். வில் வாங்கும் முன் செய்திருக்க வேண்டிய வேலை.

அந்த வில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இந்த டயமண்ட் வில்லை எடுத்தேன். இழுப்பு நீளத்தை 13 முதல் 31 அங்குலம், இழுவிசையை 5 முதல் 70 பவுண்டு வரை மாற்றலாம். நீளத்தை மாற்ற ஆலன் சாவி போதும், வில் பிரஸ் (வில்லை அழுத்தி வளைத்துப் பிடிக்கும் கருவி) தேவையில்லை. 27 அங்குலம், 45 பவுண்டு வைத்து இழுத்தேன். நாண் மூக்குநுனியை மெல்லத் தொட்டு நின்றது, தோள் நடுங்கவில்லை. 20 கஜத்தில் ஐந்து அம்பும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழுந்தன.

ஒன்று மட்டும்: அம்பு கோக்காமல் நாணை இழுத்து விடவே கூடாது, வில்லே உடைந்துபோகும்.

மான் காயத்தோடு ஓடித் துடிக்கக் கூடாது. அதனால் இந்தப் பருவத்தில் 20 கஜத்தைத் தாண்டி எய்யப் போவதில்லை.