பத்து ஞாயிறு பின்னேரங்கள்: ஒரு சிவஞானபோத வகுப்பைப் பற்றி

யாழ்ப்பாணத்து நல்லூர்ப் பக்கத்து மடமொன்றில், சைவ சித்தாந்தத்தின் தலையாய நூலான சிவஞானபோதத்துக்கு ஞாயிறு பின்னேரங்களில் நடந்த வகுப்புக்குத் தவறாமல் சென்று வந்தேன். கட்டணம் இல்லை. பாடசாலையில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) என்று மனனஞ் செய்து பரீட்சை எழுதி மறந்த என் போன்றோருக்கு, 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய 12 சூத்திரங்களையும் வாரத்துக்கு ஒன்றாகப் படிப்பது நல்ல ஏற்பாடாகவே தோன்றியது.

இரண்டாஞ் சூத்திர வகுப்பு மிகச் சிறப்பாக அமைந்தது. இறைவன் உடலுக்கு உயிர்போல் உலகோடு ஒன்றாயும், கண்ணுக்குச் சூரியன்போல் வேறாயும், கண்ணொளிக்கு உயிரறிவுபோல் உடனாயும் நிற்கிறான் என்பதை ஆசிரியர் அவசரமின்றி விரித்தார். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் (கோலும் சக்கரமும்) துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். அதுபோல உலகுக்கு அதன் மூலப்பொருளான மாயை முதற்காரணம், இறைவனின் ஆற்றலான சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்தகாரணம். குயவன் குடமாக மாறுவதில்லை என்று அவர் சொன்ன இடத்தில்தான், எல்லாம் பிரமமே என்னும் வேதாந்தத்திலிருந்து சித்தாந்தம் எங்கே பிரிகிறது என்பது எனக்குத் தெளிவாயிற்று.

மூன்றாஞ் சூத்திரத்தில், ‘எனது உடல்’ என்று நாம் உடலைப் பிரித்துச் சொல்வதும், உறங்கும்போது மூச்சு ஓடிக்கொண்டிருந்தும் உண்பதும் வினைசெய்வதும் இல்லாமற் போவதும் உயிர் வேறென்பதற்குச் சான்றுகளாக வருகின்றன. உணர்வு என்பது என்ன என்ற கேள்வியை இவ்வளவு சுருக்கமாக, அதுவும் அன்றாட அனுபவத்திலிருந்தே தொடங்கியவர் வேறொருவர் உண்டா என்று வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே சைக்கிள் மிதித்தேன்.

குறை நான்காவது வாரத்தில் வந்தது. தலையில் அடிபட்டவர் நினைவை இழப்பதும் குணம் மாறுவதும் ஏன் என்று ஓர் இளைஞர் கேட்டார். “அது அவரவர் கன்மம்” என்று ஆசிரியர் கடந்து சென்றார். விடை அன்றைய பாடத்திலேயே இருந்தது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் ஆகிய அந்தக்கரணங்கள் என்னும் உட்கருவிகள் நான்கும் மாயையிலிருந்து தோன்றிய, அறிவற்ற சடப்பொருள்களே; உயிரோ அமைச்சரோடு கூடிய அரசனைப்போல அவற்றோடு கூடி நின்றே அறிகிறது. எனவே கருவி பழுதானால் அறிதலும் குன்றும் என்பதைச் சித்தாந்தம் மறுக்க வேண்டியதில்லை. அப்படியானால் கருவிகளை நீக்கியபின் உயிருக்கென எஞ்சும் அறிவு எத்தகையது என்பதே கடினமான கேள்வி. அதை விவாதிக்கக் கிடைத்த அருமையான சந்தர்ப்பம் வீணாயிற்று.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று கடைசி நான்கு சூத்திரங்களையும் இரண்டே வாரங்களில் ஓட்டியதையும் என்னால் ஏற்க முடியவில்லை. காணும் கண்ணுக்கு உயிர் காட்டுவதுபோல, காணும் உயிருக்கு இறைவன் தானும் கண்டு காட்டுகிறான் என்னும் பதினோராஞ் சூத்திரத்துக்கு அரை மணித்தியாலமும் கிடைக்கவில்லை. உயிருக்கும் இறைவனுக்கும் உள்ள தொடர்பை நேராகச் சொல்லும் அந்த இடத்துக்காகவே சிலர் வந்திருந்தார்கள்.

அடுத்த சுற்று திருவிழா முடிந்தபின் தொடங்குமாம். மீண்டும் செல்லவே எண்ணியிருக்கிறேன். அங்கு தரப்படும் போட்டோப் பிரதி மங்கலானது. வயதானவர்கள் சொந்தப் புத்தகத்தோடு சென்று முன்வரிசைக் கதிரையில் இருப்பது நல்லது.