கையில் சாதுவாக இருக்கிறதே என்று நாட்டுக்கோழி வாங்காதீர்கள்

வீடியோ பார்த்து, போனில் பேசி, அட்வான்ஸ் போட்டு நாட்டுக்கோழி வாங்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி வாங்கி ஏமாந்தவன்தான். விற்றவர் பெயரைப் போடவில்லை. இதே முறையில் விற்கிறவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை என்பதால், பெயரைவிட முறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

"ஒரிஜினல் சிறுவிடை, ரெண்டு மாசக் குஞ்சு, ரொம்ப சாது" என்று விளம்பரம். சிறுவிடை என்பது சின்ன உடம்புள்ள நாட்டுக்கோழி வகை. வீடியோவில் ஒரு பையன் கோழியை மடியில் போட்டுத் தடவுகிறான், அது கண்ணை மூடிக் கிடக்கிறது. போன் போட்டால், "அண்ணா, கொழந்தைங்க தூக்கி வெச்சு வெளையாடலாம்ணா, ஒண்ணுமே பண்ணாது" என்றார். எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்மாவுக்கோ அடைக்கு உட்காரும் கோழி வேண்டும். சிறுவிடை அதற்குப் பேர் போனது. கிலோ, ஒன்றரை கிலோ எடைதான் இருக்கும், முட்டையை மிதித்து உடைக்காது, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு நாள் பூரா மேயும். முழுப் பணமும் ஜிபேயில் போன பிறகு ஆம்னி பஸ் பார்சலில் அட்டைப்பெட்டி வந்து சேர்ந்தது.

வந்த புதிதில் சொன்னபடிதான் இருந்தன. விட்ட இடத்திலேயே நின்றன, பிடித்தால் கத்தவில்லை. பயணக் களைப்பில் இருக்கும் கோழி எதுவுமே சாதுதான். சீக்கு வந்த கோழி அதைவிட சாது. இறக்கையைத் தொங்கப் போட்டு, கண்ணைச் செருகிக்கொண்டு மடியில் கிடக்கிற கோழியைப் பார்த்து "நல்லா பழகியிருக்கு" என்று யாராவது சொன்னால், முதலில் அதன் பின்பக்கம் வெள்ளைக் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

தீனி தின்று தெம்பு வந்ததும் ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் கொடாப்பைத் திறந்தால் இரண்டு பெட்டைகள் எதிரெதிரே நின்று, ஒன்றின் தலைத்தோலை மற்றொன்று அலகால் கவ்விப் பிடித்திருந்தது. ஒன்றுக்கு ஒரு கண் வீங்கி மூடிவிட்டது, கழுத்து மயிரெல்லாம் ரத்தத்தில் ஊறி ஒட்டிக் கிடந்தது. பிரித்து ஆளுக்கொரு மூலையில் விட்டேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் சுற்றி வந்து மறுபடியும் நேருக்கு நேர் நின்றன.

கோழி என்றால் கொத்திக்கொள்ளும், அது எனக்கும் தெரியும். புதிதாக ஒன்றை விட்டால் யார் பெரியவர் என்று முடிவாகும் வரை சண்டை இருக்கும். ஆனால் அதில் ஒன்று தலையைத் தாழ்த்தி ஓடிவிடும், மற்றது விட்டுவிடும். இவற்றில் எதுவும் ஓடவில்லை. சேவல்கூட இல்லை, பெட்டைகள்! எங்களிடம் ஏற்கனவே இருந்த கோழியின் குஞ்சுகளில் இரண்டை மண்டையில் கொத்தியே கொன்றுவிட்டன.

கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துப் போனேன். டாக்டர் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது பெருவிடைங்க, அசில் கலப்பு" என்றார். பெருவிடை என்பது பெரிய உடம்புள்ள நாட்டுக்கோழி வகை, அசில் என்பது சண்டைக்கோழி இனம். தடித்த மஞ்சள் கால், நீண்ட கழுத்து, ஆள் மாதிரி நிமிர்ந்த நிற்பு, இறகு சரியாக மூடாமல் சிவந்து தெரியும் நெஞ்செலும்பு, மண்டையோடு ஒட்டிய குட்டைக் கொண்டை, தாடி இருந்தும் இல்லாத மாதிரி. அசல் சிறுவிடைக்கோ ரம்பப் பல்லாக நிமிர்ந்த ஒற்றைக் கொண்டை, ஒல்லிக் கால். நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது, எல்லா நிறமும் இரண்டிலும் வரும்.

அந்த மடி வீடியோவில் பொய் இல்லை என்பதுதான் இதில் பெரிய கூத்து. அசில் மனிதரிடம் உண்மையிலேயே சாதுதான். தலைமுறை தலைமுறையாகச் சண்டைக்கென்று கையிலேயே வைத்து வளர்த்த இனம் அது. ஆளைக் கொத்துகிற சேவலை அதில் யாரும் வைத்துக்கொள்வதில்லை. தன் இனத்தைக் கண்டால் மட்டும் விடாது, குஞ்சுப் பருவத்திலேயே தொடங்கிவிடும். பெருவிடை வளர்ப்பவர்கள் சேவல்களைத் தனித்தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்ப்பதும், காலில் கயிறு கட்டி எட்ட எட்டக் கட்டுவதும் இதற்காகத்தான். தலையில் ரத்தம் வழிய என் கையில் உட்கார்ந்திருந்த பெட்டை ஒருமுறைகூட என்னைக் கொத்தவில்லை. அசல் சிறுவிடையைப் பிடிக்கப் போய்ப் பாருங்கள், முருங்கை மரத்தில் ஏறி நிற்கும். குஞ்சோடு இருக்கும்போது கிட்டப் போனால் முகத்துக்கே பாயும். மடியில் அப்படிக் கிடந்ததைப் பார்த்தே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

விற்றவருக்குப் போன் போட்டேன். "சண்டை போட்டாத்தாண்ணா ஒரிஜினல், ரத்தம் சுத்தம்னு அர்த்தம்" என்றார். அடுத்த முறை "தீனி பத்தலீங்ணா" என்றார். அதற்கடுத்து நம்பரை பிளாக் செய்துவிட்டார். சண்டைக்குத் தேறாத பெட்டைகளையும் கலப்புக் குஞ்சுகளையும் இப்படித் தள்ளிவிடுகிறார்கள் என்பது என் ஊகம். வனராஜா, கிராமப்ரியா குஞ்சுகளையும் சிறுவிடை என்று விற்பதைப் பார்த்திருக்கிறேன். ஹைதராபாத் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நல்ல ரகங்கள்தான் அவை. ஆனால் அடைக்கு உட்காரும் என்று நம்பி வாங்கக் கூடாது.

வாங்குவதானால் நேரில் போங்கள், சாயங்காலம் கோழிகள் அடையும் நேரத்தில். கூண்டில் இருப்பதைக் காட்டினால் போதாது, திறந்து வெளியே விடச் சொல்லுங்கள். ஒரு பிடி கம்பைத் தரையில் வீசி, ஒன்றாகத் தின்கின்றனவா, ஒன்று மற்றதை விரட்டுவதோடு நிற்கிறதா என்று பாருங்கள். மண்டையில் காய்ந்த தழும்பும் அலகு நுனி வெட்டிய அடையாளமும் இருந்தால் கிளம்பி வந்துவிடலாம். தாய்க்கோழியைக் காட்டச் சொல்லுங்கள். "அது தோட்டத்துல இருக்குதுங்ணா" என்று இழுத்தால் அவ்வளவுதான்.

ஏற்கனவே ஏமாந்தவர்கள் அடிபட்டதை உடனே தனியாகப் பிரியுங்கள். ரத்தச் சிவப்பைப் பார்த்தால் மற்றவை அதே இடத்தில்தான் கொத்தும். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். என்னிடம் பில் கேட்டார்கள், பில்லே தரவில்லை என்றேன். அதனால் வாட்ஸ்அப் பேச்சு, ஜிபே ரசீது, பார்சல் சீட்டு, "சிறுவிடை" என்று எழுதிய அந்த விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள். விளம்பரத்தை அவர்கள் அழித்துவிடுவார்கள், முதலில் அதை எடுத்து வையுங்கள்.