வரைபடத்தில் குடியிருப்பு, வாசலில் லாரி

வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் படியுங்கள். எங்கள் தெருவில் வீடு முடித்துக்கொடுத்த புரோக்கர் மண்டல வரைபடத்தை விரித்து, "தெரு முழுக்க குடியிருப்பு மண்டலம் சார், பெரிய வண்டி உள்ளேயே வராது, போர்டே வச்சிருக்காங்க" என்று அடித்துச் சொன்னார். தெரு குடியிருப்புதான், பொய்யில்லை. ஆனால் தெருமுனைக் காலி மனை வணிக மண்டலம், முன்பக்கம் மெயின் ரோட்டில் இருந்தாலும் பின்பக்கம் எங்கள் தெருவில் கேட் வைக்க ஏற்கெனவே அனுமதி வாங்கியாயிற்று என்பதைப் பற்றி மனுஷன் வாயே திறக்கவில்லை. அந்த மனையை விற்றதும் அவர்தானாம்.

இப்போது அங்கே சரக்குக் கிடங்கு. விடியுமுன் லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தத்தில்தான் தெருவே எழுந்திருக்கிறது. நீள வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத் தடத்தில் வராது, உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். அப்படி ஏறி ஏறியே முனையில் நடைபாதைக் கல் பெயர்ந்து கிடக்கிறது. தாரும் பிளந்துவிட்டது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளை ஓட்டிப் பார்த்த சோதனையிலேயே தெரிந்த கணக்குதான்: அச்சின் மேல் சுமை இரண்டு மடங்கானால் சாலைச் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு.

புகார் கொடுத்தால், கேட்டுக்கு அனுமதி இருக்கிறது, இறக்கும் நேரத்துக்கு நிபந்தனை எதுவும் போடவில்லை என்கிறார்கள். கிடங்குக்காரரோ டிரைவர்கள் காண்ட்ராக்ட் ஆட்கள் என்று கை கழுவுகிறார். அந்த போர்டு? கனரக வண்டித் தடை பல இடங்களில் குறுக்கே புகுந்து போகிறவர்களுக்குத்தான், அதே தெருவில் சரக்கு இறக்க வருகிற வண்டிக்கு விலக்கு உண்டு.

மண்டல வரைபடம் நிலத்தில் என்ன செய்யலாம் என்பதைத்தான் சொல்லும். வண்டி எந்த வாசலில் நுழையும், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் கட்டட அனுமதியின் தள வரைபடத்திலும் அதோடு வரும் நிபந்தனைகளிலும்தான் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு பக்கமும் சாலை உள்ள வணிக மனை அருகில் இருந்தால் கட்டாயம். பின்பக்கம் 'அவசர வழி மட்டும்' என்று போட்டிருந்தால் லாரி விடுவது மீறல், பிடித்து உலுக்கலாம். வெறும் 'சேவை வழி' என்றால் அது லாரிக்குத்தான். விண்ணப்பம் இன்னும் நிலுவையில் என்றால் கெடு முடியுமுன் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, மெயின் ரோடு வழியையும் நேரக் கட்டுப்பாட்டையும் நிபந்தனையாகவே கேளுங்கள், ஏனென்றால் அனுமதி வந்தபின் விதியை மாற்றினாலும் பழைய கட்டடத்தை அது பெரும்பாலும் தொடாது.

அதே புரோக்கர் இப்போது எங்கள் தெருவிலேயே இன்னொரு வீட்டை 'அமைதியான ஏரியா' என்று காட்டிக்கொண்டிருக்கிறார், அதுவும் கிடங்கு மூடியிருக்கும் நாளாகப் பார்த்து.